கர்த்தர் ஆளுகிறார் என்றால், எதிர்ப்பவர்கள் ஏன் வெல்கிறார்கள்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தாலும், ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. தேவன் அனைத்தையும் ஆளுகிறார் என்று நம்புகிறவர்கள், மனிதருடைய பிடிவாதத்தின் முன் ஏன் இவ்வளவு நாள் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. எனவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊர்களை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

*

கேள்வி: எங்கள் சபையின் ஆலய விரிவாக்கப் பணி நான்கு ஆண்டுகளாக நின்றுபோயிருக்கிறது. வெளியே சிலர் மனுக் கொடுத்துத் தடுக்கிறார்கள். சத்துருவின் கருவியாக வந்த ஓர் அதிகாரி, மூன்றாவது முறையாகப் பத்திரங்களைக் கேட்கிறார். சபைக்குள்ளேயே இரண்டு குடும்பத்தார் கணக்குக் கேட்டுக் கையெழுத்திட மறுக்கிறார்கள். இது கர்த்தருடைய வேலை என்றால், மனிதர் இதை இப்படி நிறுத்திவைக்க அவர் ஏன் அனுமதிக்கிறார்? (வாசகர், சாத்தான்குளம்)

பதில்: உங்கள் நிலைமைக்கு மிக அருகில் நிற்கிற வேதபகுதி எஸ்றாவின் புத்தகம். ஆனால் அது தருகிற பதில் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சிக்கலானது. கி.மு. 538ஆம் ஆண்டளவில், பாபிலோனில் சிறையிருந்த யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பிப் போய்த் தேவாலயத்தைக் கட்டலாம் என்று பெர்சிய அரசன் கோரேஸ் கட்டளையிட்டான். கர்த்தரே அவனுடைய ஆவியை ஏவினார் என்று அந்தப் புத்தகத்தின் முதல் வசனம் சொல்லுகிறது. எரேமியா தீர்க்கதரிசியின் வாக்கும் பேரரசனின் ஆணையும் ஒருங்கே கிடைத்த அந்தப் பணிக்கு, திரும்பி வந்த இரண்டாம் ஆண்டில் தலைவர்களான செருபாபேலும் யெசுவாவும் அஸ்திபாரம் போட்டார்கள். அதன்பின் ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை.

எதிர்த்தவர்கள் முதலில் சேர்ந்து கட்டுவதாகத்தான் வந்தார்கள். அது மறுக்கப்பட்டபின், கட்டுகிறவர்களின் கைகளைத் தளரச்செய்து, அரசவை ஆலோசனைக்காரருக்குப் பணம் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்தார்கள். இன்றைய அலுவலக வழக்கில் சொன்னால், கோப்பு நகராமல் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவும் எதிரிகளின் கணக்கில் எழுத வேண்டியவை. ஆனால் பெர்சிய அரசன் தரியு அரசாண்ட இரண்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 520இல், ஆகாய் தீர்க்கதரிசி எழுந்து பேசும்போது எதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆலயம் கட்டுவதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே மரப்பலகை பதித்த வீடுகளில் குடியிருக்கிற சொந்த ஜனங்களைத்தான் அவர் கேள்வி கேட்கிறார். வேலையை நிறுத்தியவர்கள் எதிரிகள். அதை நின்ற இடத்திலேயே விட்டுவைத்தவர்கள் விசுவாசிகள். தடை என்ற வார்த்தையை நாம் எவ்வளவு சௌகரியமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்பதை இந்தப் பகுதி எனக்குப் பலமுறை உணர்த்தியிருக்கிறது.

ஆகாய் பேசி ஏறத்தாழ மூன்று வாரங்களில் வேலை மறுபடியும் தொடங்கியது. தொடங்கிய உடனே ஒரு அதிகாரி வந்து நின்றான். ஐபிராத்து நதிக்கு இப்புறத்து நாடுகளின் அதிபதியான தத்னாய் என்பவன் அவன். கி.மு. 502ஆம் ஆண்டைச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றிலும் இந்தப் பதவியோடு அவன் பெயர் காணப்படுகிறது. இந்த ஆலயத்தைக் கட்ட உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார், வேலையை முன்னின்று நடத்துகிறவர்களின் பெயர் என்ன என்று அவன் கேட்டான். உங்கள் கடிதத்தில் பத்திரம் கேட்ட அதிகாரியைச் சத்துருவின் கருவி என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைய மூப்பர்கள் தத்னாயை அப்படி நடத்தவில்லை. அவன் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார்கள். ஆலயம் ஏன் இடிந்தது என்ற தங்கள் முற்பிதாக்களின் பாவக் கதையையும் மறைக்கவில்லை. கோரேஸின் ஆணையை ஆதாரமாகக் காட்டினார்கள். அவனும் நடந்ததை நேர்மையாகவே எழுதி அரசனுக்கு அனுப்பினான். பதில் வரும்வரை வேலையை அவன் நிறுத்தவுமில்லை.

அதன்பின் நடந்ததுதான் சுவையானது. முதலில் பாபிலோனில் ஆவணங்களைத் தேடினார்கள். பிறகு மேதிய நாட்டில் உள்ள அக்மேதா அரமனையில், அந்தப் பழைய ஆணை எழுதப்பட்டிருந்த சுருள் அகப்பட்டது. தரியு அதை உறுதிப்படுத்தியதோடு, செலவு முழுவதையும் நதிக்கு இப்புறத்து நாடுகளின் வரிப் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்று எழுதினான். அனுமதி உண்டா என்று விசாரித்தவனுடைய நிர்வாகத்தின் வருவாயிலிருந்தே கட்டடத்துக்குப் பணம் வந்தது. தரியுவின் ஆறாம் ஆண்டு, ஆதார் என்னும் யூத மாதம் மூன்றாம் தேதி, கி.மு. 515இல் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. தத்னாய் விசாரிக்காமல் போயிருந்தால் அந்தச் சுருளை ஒருவரும் தேடியிருக்கமாட்டார்கள், அரச கருவூலமும் திறந்திருக்காது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மூன்றாவது முறை கேட்டாலும் பத்திரங்களை ஒழுங்காகக் கொடுங்கள். சபைக்குள் இருக்கும் இரண்டு குடும்பத்தாரும் பிடிவாதக்காரர்களாகவே இருக்கலாம். ஆனாலும் அவர்கள் கேட்பது கணக்கு. காணிக்கைக் கணக்கைச் சபையின் முன் முழுமையாக வைத்துவிட்டீர்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. அதை வைக்காதவரையில், அந்தக் குடும்பத்தாருடைய இருதயத்தைத் திருப்பும்படி ஜெபிப்பதற்கு நமக்கு அதிக உரிமை இல்லை.

*

கேள்வி: பார்வோனின் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்தினார் என்று வேதம் சொல்லுகிறது. அப்படியானால் பார்வோன் மேல் என்ன குற்றம்? கடினப்படுத்திவிட்டுத் தண்டிப்பது நியாயமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: யாத்திராகமம் 4 முதல் 14 வரையுள்ள அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசித்து, கடினம் என்ற சொல் வருகிற இடங்களிலெல்லாம் கோடிட்டுப் பாருங்கள். தாம் பார்வோனைக் கடினப்படுத்தப்போவதாகக் கர்த்தர் மோசேயிடம் முன்னமே சொல்லிவிடுகிறார். இது உண்மை, இதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் வாதைகள் தொடங்கியபின், முதல் ஐந்து வாதைகளில், கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்ற வாக்கியம் ஒருமுறையும் வருவதில்லை. அவன் இருதயம் கடினப்பட்டது என்று வருகிறது. தவளைகள் ஒழிந்து மூச்சுவிட இடம் கிடைத்தபோதும், வண்டுகள் நீங்கியபோதும், அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டான் என்று வருகிறது. ஆறாவதான கொப்புளங்களின் வாதையில்தான் கர்த்தர் கடினப்படுத்தினார் என்பது முதன்முதலாக எழுதப்படுகிறது. அதற்குப் பிறகும், கல்மழை நின்றபோது, அவன் மேலும் பாவம் செய்து தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்று இருக்கிறது. அதற்கு அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அதே காரியத்தைக் கர்த்தர் தம்முடைய செயல் என்கிறார்.

இரண்டு செயல்களும் ஒரே இருதயத்தில் நடக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்க முடியாது என்று வேதம் எண்ணுவதில்லை. நடுவில் பார்வோனே, இந்த முறை நான் பாவம் செய்தேன், கர்த்தர் நீதியுள்ளவர் என்று அறிக்கையிடுகிறான். எகிப்து அழிந்துபோனதை நீர் இன்னும் அறியவில்லையா என்று அவனுடைய ஊழியக்காரரே கேட்கிறார்கள். எவருடைய கையிலோ ஆடுகிற பொம்மையிடம் அப்படி ஒருவரும் கேட்பதில்லை. அடிமைகளின் உழைப்பை விட்டுவிட மனம் வராத ஓர் அரசன், தான் விரும்பியதை ஒவ்வொரு முறையும் விரும்பியே செய்தான். கர்த்தர் அந்த விருப்பத்துக்கு அவனை ஒப்புக்கொடுத்தார். அதையே தம்முடைய நாமம் பூமியெங்கும் பிரஸ்தாபமாகும்படி பயன்படுத்தினார்.

பவுலும் ரோமர் 9ஆம் அதிகாரத்தில் இதே பார்வோனை எடுத்துக்கொண்டு, உங்கள் கேள்வியையே ஏறக்குறைய உங்கள் சொற்களில் எழுப்புகிறார். அவர் சித்தத்துக்கு எதிர்த்து நிற்பவன் யார், பின்னே ஏன் அவர் குற்றம் பிடிக்கிறார் என்று கேட்டுவிட்டு, அதற்குத் தத்துவ விளக்கம் ஒன்றும் தராமல், உண்டாக்கியவரைக் கேள்வி கேட்க நீ யார் என்று திருப்பிக் கேட்கிறார். இந்தப் பதில் பலருக்குத் திருப்தி தருவதில்லை என்பதை அறிவேன். ஹாலந்து நாட்டின் டார்ட் நகரத்தில் 1618–19இல் கூடிய சபை மாநாடு இந்தப் பொருளையே விவாதித்தது; இன்றும் நம் சபைகள் இதில் ஒரே மனதாக இல்லை. ஆயினும் எந்தத் தரப்பைச் சேர்ந்தவரும் மறுக்க முடியாத ஒரு வசனம் உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, இயேசு தேவனுடைய தீர்மானத்தின்படி ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்றும், நீங்கள் அவரை அக்கிரமக்காரருடைய கைகளினால் கொலைசெய்தீர்கள் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். கேட்டவர்கள் இருதயத்திலே குத்தப்பட்டு, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்றார்கள். தீர்மானம் தேவனுடையதுதானே, எங்கள்மேல் என்ன குற்றம் என்று அவர்களில் ஒருவரும் வாதாடவில்லை.

*

கேள்வி: என் நிலத்தை உறவினர் ஒருவர் ஆக்கிரமித்துவிட்டார். காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போவது விசுவாசக் குறைவு என்றும், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அமைதியாக இருக்க வேண்டும் என்றும் எங்கள் ஜெபக் குழுவில் சொல்லுகிறார்கள். இது சரியா? (வாசகர், வேலூர்)

பதில்: சரியல்ல. அப்போஸ்தலர் 23ஆம் அதிகாரத்தை உங்கள் குழுவில் அடுத்த கூட்டத்துக்கு வாசிக்கக் கேளுங்கள்.

எருசலேமில் காவலில் இருந்த பவுலின் அருகே இராத்திரியிலே கர்த்தர் வந்து நின்று, நீ ரோமாவிலும் சாட்சி கொடுக்க வேண்டும் என்றார். இதைவிட உறுதியான வாக்குத்தத்தம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. விடிந்ததும் நாற்பதுக்கும் அதிகமானோர், பவுலைக் கொல்லும்வரை உண்பதுமில்லை குடிப்பதுமில்லை என்று சபதம் செய்தார்கள். இந்தச் சதியைப் பவுலின் சகோதரி மகன் கேள்விப்பட்டு, கோட்டைக்குள் வந்து அறிவித்தான். பவுல் அந்த வாலிபனிடம், கவலைப்படாதே, நேற்று இராத்திரி கர்த்தர் என்னோடு பேசியிருக்கிறார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. நூற்றுக்கு அதிபதி ஒருவனை அழைத்து, இவனைச் சேனாபதியிடம் கொண்டுபோங்கள் என்றார். அன்று இரவே 200 போர்ச்சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் புறப்பட்டு, அவரைப் பத்திரமாகச் செசரியாவை நோக்கிக் கொண்டுபோனார்கள். தேவன் தம்முடைய வாக்கைக் காப்பாற்றப் பயன்படுத்தியது ஓர் இளைஞனின் காதையும் ரோமப் படையின் கால்களையும்தான். சபதம் செய்த நாற்பது பேரும் பட்டினியை எப்போது முடித்துக்கொண்டார்கள் என்று லூக்கா எழுதவில்லை.

அதற்கு முன்பே, அவரை வாரினால் அடிக்கக் கட்டியபோது, தாம் ரோமக் குடிமகன் என்பதைப் பவுல் எடுத்துச் சொல்லித் தம்மைக் காத்துக்கொண்டார். பின்னர் தேசாதிபதி பெஸ்துவின் முன் நின்றபோது, தன்னை மறுபடியும் எருசலேமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கண்டு, இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, மேல்முறையீடு செய்தார். நாட்டின் சட்டம் தனக்குத் தந்த உரிமையைப் பயன்படுத்துவதை அவர் அவிசுவாசமாகக் கருதவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பேலிக்ஸ் என்ற தேசாதிபதி, பவுல் பணம் கொடுப்பார் என்று எதிர்பார்த்து, அவரை அடிக்கடி அழைத்துப் பேசினான். இரண்டு ஆண்டுகள் அவரைக் காவலிலேயே வைத்திருந்தான். கொடுத்திருந்தால் ஒருவேளை ரோமாவுக்குச் சுதந்தர மனிதராகவே போயிருக்கலாம். பவுல் கொடுக்கவில்லை. சட்டத்தைப் பயன்படுத்தியவர், சட்டத்தை வளைக்க ஒப்பவில்லை. அதற்கு விலை இரண்டு ஆண்டுகள் என்றாலும் கொடுத்தார். கர்த்தருடைய ஆளுகையில் நம்பிக்கை வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே பொய்ச் சாட்சியை ஏற்பாடு செய்ய மட்டும் அவருக்கு அவசியம் இல்லை.

விசுவாசிகளான சகோதரர்களுக்குள் வழக்கு வந்தால், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் பொருந்தும். உங்கள் உறவினர் சபையைச் சேர்ந்தவராக இருந்தால், முதலில் மூப்பர்கள் முன்னிலையில் பேசிப் பாருங்கள். அதுவும் ஆக்கிரமிப்புக்கு ஆண்டுக்கணக்கில் கால அவகாசம் தருகிற தந்திரமாக மாறிவிடக் கூடாது.

*

கேள்வி: ராஜாவின் இருதயம் கர்த்தருடைய கையில் நீர்க்கால்களைப்போல் இருக்கிறது என்ற நீதிமொழியைப் பிடித்துக்கொண்டு, என் மாமனாரின் மனம் மாற வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஜெபித்துவருகிறேன். நான் ஆலயத்துக்குப் போவதையும் பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவதையும் அவர் இன்றுவரை எதிர்க்கிறார். என் ஜெபத்தில் குறை இருக்கிறதா? (வாசகி, மதுரை)

பதில்: குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, சகோதரி. ஆனால் அந்த நீதிமொழி தராத ஒன்றை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி யாரோ உங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் பாய வேண்டும் என்று தீர்மானித்து மடையைத் திறப்பவர் விவசாயி. அந்த வசனத்தின் கடைசிப் பகுதியும், தமது சித்தத்தின்படி அவர் அதைத் திருப்புகிறார் என்றே சொல்லுகிறது.

எரேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 23 ஆண்டுகள் பேசியும் நீங்கள் கேளாமற்போனீர்கள் என்று அவரே சொல்லுகிறார். அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பேசினார். யூதாவின் அரசன் யோயாக்கீமின் ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், அரசன் குளிர்கால அரமனையில் கணப்பின் முன் உட்கார்ந்திருந்தபோது, எரேமியாவின் வார்த்தைகள் எழுதப்பட்ட சுருள் அவன் முன் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டவுடன் அவன் அதைக் கத்தியினால் அறுத்து, முழுச் சுருளும் தீர்ந்துபோகும்வரை நெருப்பிலே போட்டான். எரிக்க வேண்டாம் என்று அதிகாரிகள் மூவர் கெஞ்சியும் கேட்கவில்லை. அந்த அரசனுடைய இருதயம் திரும்பவே இல்லை. ஆனால் எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுக்க, அவர் சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தனான பாருக்கு எல்லாவற்றையும் மறுபடியும் எழுதினான். முன்பு இல்லாத பல வார்த்தைகளும் அதில் சேர்க்கப்பட்டன. அரசன் எரித்த கதையே இன்று நாம் வாசிக்கிற புத்தகத்தின் 36ஆம் அதிகாரமாக இருக்கிறது.

பின்னர் அரசாண்ட சிதேக்கியா கடினமான மனிதன் அல்ல, பயந்த மனிதன். இரகசியமாக எரேமியாவை அழைத்துக் கர்த்தருடைய வார்த்தையைக் கேட்பான், பிரபுக்களுக்கு அஞ்சி ஒன்றையும் செய்யமாட்டான். உங்கள் மாமனார் இந்த இருவரில் யாரைப் போன்றவர் என்று கவனித்துப் பார்ப்பது நல்லது. உறவினர் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தைக் கோபமாகக் காட்டுகிற பெரியவர்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர் உண்டு. அச்சப்படுகிறவரிடம் விவாதம் செய்து பயனில்லை. தன் மருமகள் தன்னை விட்டுப் போய்விடவில்லை என்று அவர் நாளுக்கு நாள் காண வேண்டியிருக்கிறது.

எருசலேம் கி.மு. 586இல் அழிந்தது. எரேமியா கடைசியில் தம் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார்; அங்கேயும் ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தம் ஊழியத்தின் பலனை அவர் கண்ணால் காணவில்லை. ஆனால் அவர் துரவின் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருந்த நாளில், அரமனையில் வேலை செய்த எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியன் அரசனிடம் பேசி, முப்பது பேரை அழைத்துக்கொண்டு, கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தைத் துணிகளையும் போட்டு, அவரைத் தூக்கியெடுத்தான். நாம் யாருடைய மனம் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோமோ அவர் மாறாமலிருக்கும்போது, நாம் எதிர்பாராத ஒருவர் வந்து நிற்கிறார். உங்கள் வீட்டில் அது உங்கள் மாமியாராக இருக்கலாம், கணவராகவும் இருக்கலாம். உங்கள் கடிதம் முழுவதும் மாமனாரைப் பற்றியே இருந்தது. மற்றவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எதிர்ப்பு அடியாகவோ மிரட்டலாகவோ மாறினால், அதைப் பொறுத்துக்கொள்வதைத் தேவசித்தம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல இடங்கொடாதீர்கள். பெண்களுக்கான 181 என்ற உதவி எண் அதற்காகவே இருக்கிறது.

*

கேள்வி: தரங்கம்பாடிக்கு அருகில் வசிக்கிறேன். சீகன்பால்கை எதிர்த்தவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள், அவர் வென்றார் என்று ஆண்டுதோறும் பிரசங்கத்தில் கேட்கிறேன். வரலாறு உண்மையிலேயே இவ்வளவு எளிமையானதா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: எளிமையானது அல்ல. டென்மார்க் அரசன் நான்காம் பிரடெரிக் அனுப்பிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியை அடைந்தார்கள். அரசனே அனுப்பியிருந்தும், அதே அரசனின் கொடி பறந்த கோட்டையின் தளபதி ஹாசியுஸ் அவர்களை விரும்பவில்லை. டென்மார்க் வணிகக் கம்பெனியின் வியாபாரத்துக்கும் ஊர் அமைதிக்கும் இவர்களால் இடையூறு வரும் என்று அவர் நினைத்தார். ஒரு விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்க் தலையிட்டது உரசலை முற்றவைத்தது; 1708ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சிறையில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கே இருந்தார். சீகன்பால்கும் எளிதில் பணிந்துபோகிற சுபாவம் உடையவர் அல்லர் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை நேர்மையாக இருக்கும். இரண்டு உறுதியான மனிதர்கள் ஒரு சிறிய ஊரில் மோதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரிடம் கோட்டைச் சாவி இருந்தது.

சிறைக்குப் போவதற்குச் சற்று முன் தொடங்கிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். அது 1714–15இல் தரங்கம்பாடியிலேயே அச்சானது. பிரசங்கிகள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் வந்த எதிர்ப்பு, கோட்டையிலிருந்து வந்ததைவிட அதிகமாக வலித்திருக்கும். கோபன்ஹேகனில் இருந்த மிஷன் நிர்வாகத்தின் செயலாளர் வென்ட் என்பவர், மிஷனரிகள் ஆலயமும் பள்ளியும் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் நிலைபெறுவதை ஏற்கவில்லை, கடிந்துகொண்டு எழுதினார். தேவபக்தியுள்ளவரின் பிடிவாதம் அது. உடல் நலிந்த நிலையில் சீகன்பால்க் 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி, 36 வயதில் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகத்தோடு நின்றிருந்தது. மீதியைப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார்.

ஆகவே இங்கே வெற்றி தோல்விக் கணக்குப் போடுவது எனக்கு உவப்பாக இல்லை. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1718இல் அதைப் பிரதிஷ்டை செய்தபின் அவர் சில மாதங்களே உயிரோடிருந்தார். தம்முடைய எதிரிகள் தோற்றதை அவர் பார்த்துவிட்டுப் போனார் என்று சொல்லுவதற்கு வரலாற்றில் இடம் இல்லை. கர்த்தருடைய வேலை அவரோடு முடிந்துபோகவில்லை என்று சொல்லுவதற்கு இடம் உண்டு.

*

கேள்வி: எதிர்ப்பு வந்தால் நாம் சரியான பாதையில் போகிறோம் என்று அர்த்தமா? கர்த்தரே நம்மைத் தடுக்கிறார் என்றும் இருக்கலாமே, எப்படி அறிவது? (வாசகர், சென்னை)

பதில்: எதிர்ப்பு எதையும் நிரூபிப்பதில்லை. இஸ்ரவேலைச் சபிக்க அழைக்கப்பட்டுப் புறப்பட்ட பிலேயாமின் வழியில் நின்று தடுத்தவர் கர்த்தருடைய தூதன். தடுக்கப்பட்டவர் கழுதையை அடித்துக்கொண்டிருந்தார். பவுலைப் பித்தினியாவுக்குப் போகவிடாமல் தடுத்தவர் ஆவியானவர். தாவீது ஆலயம் கட்ட நினைத்தபோது, நாத்தான் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் வந்து வேண்டாம் என்றார். நோக்கம் நல்லதாயிருந்தும் தாவீதுக்கு அது அனுமதிக்கப்படவில்லை.

அப்போஸ்தலரை விசாரித்த யூத ஆலோசனைச் சங்கத்தில் கமாலியேல் சொன்ன ஆலோசனையைப் பலரும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். மனுஷரால் உண்டானால் ஒழிந்துபோகும், தேவனால் உண்டானால் ஒழிக்க முடியாது என்றார் அவர். அந்த ஆலோசனை அப்போஸ்தலரின் உயிரைக் காத்தது என்பது உண்மை. ஆனால் அதை ஏற்றுக்கொண்ட அதே சங்கம், அவர்களை அடித்துத்தான் அனுப்பியது. தவறான போதனைகளும் நூற்றாண்டுக்கணக்கில் நிலைத்திருக்கின்றன. நல்ல சபைகள் சில அழிந்தும் போயிருக்கின்றன. நிலைத்திருப்பதை மட்டும் வைத்துத் தேவசித்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நான் கேட்டுப் பார்ப்பது வேறு ஒன்று: நம்மை எதிர்ப்பவர் சொல்லுவதில் ஏதாவது உண்மை இருந்தால், அதைக் கேட்கிற நிலையில் நாம் இருக்கிறோமா? எதிர்ப்பு வரும்போதெல்லாம் தன்னை மோசேயாகவும் எதிர்ப்பவரைப் பார்வோனாகவும் பார்க்கிறவருக்கு, தன் சொந்தப் பிடிவாதம் ஒருநாளும் தெரியவராது.

*

கேள்வி: என் அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர் என்னுடைய விசுவாசத்தின் காரணமாக என்னை ஒதுக்குகிறார். அவருக்கு வந்த பதவி உயர்வை என்னால் மகிழ்ச்சியோடு பார்க்க முடியவில்லை. அவருடைய மனைவி நோயுற்றிருக்கிறார் என்று அறிந்தபோதும் என் மனம் கல்லாகவே இருந்தது. எதிர்ப்பவருக்காக எப்படி ஜெபிப்பது? (வாசகி, பெங்களூரு)

பதில்: அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் பேதுருவையும் யோவானையும் பயமுறுத்தி விடுவித்தபின், சபையார் கூடி ஜெபித்தார்கள். ஏரோதும் பிலாத்தும் புறஜாதியாரும் இஸ்ரவேல் ஜனங்களும் கூடி, தேவனுடைய கரமும் ஆலோசனையும் முன்குறித்ததைத்தான் செய்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். அதன்பின் எதிரிகளை அகற்றும்படியோ பயமுறுத்தல் நிற்கும்படியோ அவர்கள் கேட்கவில்லை. பயமுறுத்தலைக் கவனித்தருளும், நாங்கள் தைரியமாய்ப் பேச அருளும், குணமாக்க உமது கரத்தை நீட்டி அற்புதங்களைச் செய்தருளும் என்றே கேட்டார்கள். அது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த அதிகாரத்தில் அவர்கள் மறுபடியும் பிடிக்கப்பட்டார்கள்.

ஸ்தேவான், தன்னைக் கல்லெறிகிறவர்களின் பாவத்தை அவர்கள்மேல் சுமத்தாதிரும் என்று முழங்காற்படியிட்டு ஜெபித்தபோது, அவர்களுடைய வஸ்திரங்களைக் காத்து நின்ற, பின்னாளில் பவுல் என்று அறியப்பட்ட சவுலிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதன்பின் அவன் வீடுவீடாய் நுழைந்து சபையைப் பாழாக்கினான். அந்த ஜெபத்தைக் கேட்டவர்கள் அது வீண் என்றே நினைத்திருப்பார்கள்.

உங்கள் கல்லான மனத்தைப் பற்றி நீங்களே எழுதியதால், அங்கிருந்தே தொடங்குங்கள். அதிகாரியின் மனம் மாற வேண்டும் என்ற விண்ணப்பத்தைச் சில வாரங்களுக்குத் தள்ளிவைத்துவிட்டு, அவருடைய மனைவியின் சுகத்துக்காக மட்டும் ஜெபியுங்கள். அதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.